என்ர மருமகன் விசில் ஊதுறவர்

இல்லைப் பிள்ளை, அவர் பந்தடிக்கிறவர் இல்லை. பந்தடிக்கிற இருபத்திரண்டு பேருக்கு நடுவில விசிலோட ஓடித் திரியிறவர். ரெஃபரி. ஊரில நாங்கள் மத்தியஸ்தர் எண்டு சொல்லுவம். என்ர மகளைக் கட்டினவர், மருமகன். உங்கட தஞ்சாவூர்ப் பக்கம் மாப்பிள்ளை எண்டுவியள், என்ன? எங்கட யாழ்ப்பாணத்தில தாலி கட்டுற அண்டைக்கு மட்டும்தான் மாப்பிள்ளை. அடுத்தநாள் விடிஞ்சால் மருமகன்.

பையை மடியில வைச்சுக்கொண்டு கிட்ட வாங்கோ. இந்த பஸ் இன்னும் முக்கால் மணித்தியாலம் ஓடும். நீங்கள் யூனிவர்சிட்டியில இறங்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவன். எனக்கு ஒரு நியாயம் தெரியவேணும். நீங்கள் படிச்ச பிள்ளை, எங்கட குடும்பத்தில ஒருத்தரையும் தெரியாது. பக்கம் சாராமல் சொல்லுவியள். அறுபது பேருக்கு முன்னால, மழைக்குள்ள, என்ர சொந்த மருமகன் எனக்குச் செய்தது சரியோ பிழையோ?

முதல்ல ஆளைப் பற்றிச் சொல்லவேணும். பேர் செந்தூரன். இந்த வெள்ளைக்கார ஊர்க் கவுன்சிலில கொம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் ஒரு முடிவெடுக்கத் தெரியாது. என்ர மனிசன் காலமான பிறகு மகளோட வந்து இருக்கிறன், மூண்டு வருசமாச்சு. இந்த மூண்டு வருசத்தில ஒரு நாள், ஒரேயொரு நாள், "தம்பி, புட்டோ இடியப்பமோ?" எண்டு கேட்டு அவர் மறுமொழி சொன்னதைக் காணேல்லை. "உங்கட விருப்பம் மாமி." அவ்வளவுதான். ஹோலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனம். மகள் நீலம் எண்டாள். "நீலம் நல்லம்" எண்டார். நான் பச்சை எண்டன். "பச்சையும் நல்லம்தான்" எண்டார். கடைக்காரி பாவம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவேண்டியவள், எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டாள்.

அப்பிடிப்பட்ட ஆள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவார். பின்னேரம் முழங்கால் மட்டும் சேறோட வருவார். நான் ஒண்டும் கேக்கிறேல்லை. எனக்கு என்னத்துக்கு? ஒருநாள் உடுப்புத் தோய்க்க எடுத்தால், காற்சட்டைப் பொக்கற்றுக்க மஞ்சள் மட்டை ஒண்டு, சிவப்பு மட்டை ஒண்டு. மகளிட்டக் கேட்டன்.

"அம்மா, அவர் ரெஃபரி எல்லோ? நான் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்?" எண்டாள் மயூரி.

சொன்னவள்தான். நான் நம்பேல்லை. திரைச்சீலைக்கு நிறம் சொல்லத் தெரியாத மனிசன் இருபத்திரண்டு வெள்ளைக்காரருக்குத் தீர்ப்புச் சொல்லுறாராம். நீங்கள் நம்புவியளோ? பாக்காமல் எப்பிடிப் பிள்ளை நம்புறது?

அடுத்த சனி மகள் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனாள். நான் கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். பொய் இல்லை. பஸ் கோயிலைத் தாண்டித்தான் போனது, நான் உள்ளுக்க இருந்து வடிவாக் கும்பிட்டனான்.

கோப்லி ஹீத் எண்டு ஒரு இடம், மகளிட்டச் சாடையாக் கேட்டு வைச்சனான். பந்தடி எண்டால் நான் ரீவியில காட்டுற மாதிரிப் பெரிய மண்டபம், லைட்டு, அம்பதாயிரம் சனம் எண்டு நினைச்சுக்கொண்டு நல்ல சீலையோட போறன். அங்க போய்ப் பார்த்தால் ஒரு வயல். சுத்திவர இடுப்பளவுக்கு ஒரு இரும்புக் கம்பி. ஒரு பக்கத்தில பஸ் தரிப்பிடம் மாதிரி ஒரு கூரை. ஒரு தேத்தண்ணிக் கடை. சனம் எண்ணிப் பார்த்தன், நாப்பத்தாறு பேர், ரெண்டு நாய். விளையாடுறவையும் ஆரெண்டு நினைக்கிறியள்? ஒருத்தன் தபால்காரன், ஒருத்தன் எங்கட தெருவில தண்ணிக் குழாய் திருத்தினவன். கிழமை முழுக்க வேலை செய்துபோட்டு சனிக்கிழமை வந்து ஆளை ஆள் உதைக்கினம். கோல் காக்கிற கோலி எண்டு நிண்டவர் என்னை விட ஒரு பத்து வயசுதான் குறைவா இருப்பார்.

நடுவில என்ர மருமகன். கறுப்புச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை. பிள்ளை, நான் உண்மையைச் சொல்லவேணும். விசிலை ஊதிக் கையை நீட்டினார் பாருங்கோ, எல்லாரும் நிண்டிட்டினம். எனக்கு ஆள் மாறிப்போச்சோ எண்டு சந்தேகம்.

ஆனால் கொஞ்ச நேரத்தில சனம் தொடங்கீட்டுது. எனக்குப் பின்னால ஒரு தடிச்ச மனிசன், தொப்பி போட்டவர், "ரெஃபரி, உனக்குக் கண் குருடோ?" எண்டு கத்துறார். எனக்குப் பொறுக்கேல்லை. திரும்பினன். "அவருக்குப் போன மாதம்தான் கண் சோதிச்சது. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கெண்டு கடிதம் வந்தது. நீர் எப்ப கடைசியாச் சோதிச்சனீர்?" எண்டு கேட்டன். மனிசன் என்னைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், பிறகு போய் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து தந்தார். நல்ல சனம். சும்மா கத்துவினம், அவ்வளவுதான்.

அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு பார்க்கிறன், எனக்கு முன்னால, இந்தா இந்த சீற்றுக்கும் அந்தக் கதவுக்கும் உள்ள தூரம், ஒருத்தன் கையால பந்தைத் தட்டுறான். விசில் இல்லை! மருமகன் வேற பக்கம் பார்க்கிறார். நானும் என்னை அறியாமல் எழும்பி, "இஞ்சருங்கோ மருமகன், கையில பட்டது தெரியேல்லையோ!" எண்டு தமிழில ஒரு சத்தம் போட்டன்.

அவர் நிண்டார். விசில் வாயில இருந்து விழுந்து நெஞ்சில ஆடுது. நாப்பத்தாறு பேருக்குள்ள என்னைத் தேடிக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுக்கேல்லை.

வீட்டுக்குக் காரில கூட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியிலதான் கேட்டார்.

"மாமி, கோயிலுக்கெண்டு சொன்னனீங்கள்?"

"போனனான்."

"சரி மாமி."

பார்த்தியளோ? அந்தச் சேட்டைக் கழட்டினால் பழைய ஆள்தான். வரவேண்டாம் எண்டு ஒரு வார்த்தை சொன்னவரோ? இல்லை. வேண்டாம் எண்டு சொல்லாட்டில் வரச்சொன்ன மாதிரித்தானே?

அதுக்குப் பிறகு நான் ஒரு சனியும் விடேல்லை. எனக்குப் பந்தடி பிடிக்கிறேல்லைப் பிள்ளை, அதைத் தெளிவாச் சொல்லவேணும். மருமகனுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு போறது. விளையாடுற ரெண்டு பக்கத்துக்கும் தாய் தகப்பன், மனிசிமார் வருவினம். ரெஃபரிக்கு ஆர் வருவினம்? அதால போனன். பதினாலு மைதானம். சொல்லட்டோ? பெல்தோர்ப்பில மைதானம் சரிவு. மேல் கோலில இருந்து சும்மா தட்டினாலே பந்து கீழ் கோலுக்கு வந்திடும், முதல் பாதியில ஆர் கீழ அடிக்கிறது எண்டு நாணயம் சுண்டேக்கையே பாதி வெற்றி. ஓட்லி குரொஸில தேத்தண்ணி வாயில வைக்கேலாது, ஆனால் முகம் கழுவுற இடம், கக்கூஸ் எல்லாம் துப்பரவு. ஹில்மீட் எண்ட இடத்தில வேலிக்கு அங்கால செம்மறியாடுகள். பந்து அங்கால போய் விழுந்தால் ஆடு எல்லாம் வேலி ஓட்டையால கோல் வாசலுக்கு வந்து நிக்கும். ஒருக்கா ஒரு ஆடு ஓஃப்சைட்டில நிண்டது. நான் சொன்னன், கொடி பிடிக்கிறவன் சிரிச்சிட்டான்.

ஓஃப்சைட் எல்லாம் எனக்கு இப்ப வடிவா விளங்கும். ரெண்டு கிழமை எடுத்தது.

மடிக்கிற கதிரை ஒண்டு, பிளாஸ்கில தேத்தண்ணி, குடை, கடலை வடை. போன இடமெல்லாம் என்னை "ரெஃபரியின்ர மாமியார்" எண்டு சனத்துக்குத் தெரியும். நான் நிண்டால் ஒருத்தரும் அவரைக் கண்டபடி பேசமாட்டினம். பேசிறதெண்டால் நான்தான் பேசுவன். அது உரிமை. "ஓடுங்கோ தம்பி, அங்க நிண்டு என்னத்தைக் காணப்போறியள்?" எண்டுவன். "அது ஃபவுல் இல்லை, அவன் நடிக்கிறான்!" எண்டுவன். தமிழிலதானே, அவைக்கு விளங்காது. மருமகனுக்கு மட்டும் விளங்கும். காது சிவக்கும். குளிருக்கு.

இனித்தான் விசயம்.

பங்குனி மாதம். மருமகனுக்கு மேல் லீக்குக்கு ஏறுற சந்தர்ப்பம் வந்திருக்காம். அதுக்கு ஒரு ஆளை அனுப்புவினமாம், பழைய ரெஃபரி ஒருத்தர். ஆரெண்டு முன்கூட்டிச் சொல்லமாட்டினம். சனத்தோட சனமா இருந்து பார்த்து, புள்ளி போட்டு எழுதிக் குடுப்பாராம். மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அதைக் கொஞ்சம் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அண்டைக்குக் காலமை மகள் மட்டும், "அம்மா, இண்டைக்கு மழை, வீட்டில நில்லுங்கோவன்" எண்டாள். மழையில நிக்காதையுங்கோ எண்டு மகள் சொல்லுறதை ஆர் இரகசியமெண்டு நினைப்பினம்?

மார்ஸ்வெல் லேன் எண்ட இடம். சரியான மழை. ஒரேயொரு கூரை. அதுக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனிய இருக்கிறார், மடியில ஒரு பலகை, அதில கடதாசி, நனையாமல் மேலால பொலித்தீன். பாவம், ஆரும் இல்லாத மனிசன், குறுக்கெழுத்துப் போட வந்திருக்கிறார் எண்டு நினைச்சன். பக்கத்தில கதிரையை விரிச்சு ஒரு வடை குடுத்தன். அவருக்குப் பேர் நோர்மன். வடையைக் கடிச்சிட்டு, கண்ணில தண்ணி வர, "மிக நல்லம்" எண்டார்.

"அடிக்கடி வாறனீங்களோ?" எண்டு கேட்டார்.

"ஒவ்வொரு சனியும். இந்த ரெஃபரி எங்க போறாரோ நான் அங்க."

"அப்பிடியோ? ஆள் எப்பிடி?"

மனிசன் கேக்கிறார், நான் மறுமொழி சொல்லாமல் இருக்கிறதோ? அது மரியாதையில்லை. மருமகன் எண்டு நான் சொல்லேல்லை. சொன்னால் நான் பக்கம் சாருறன் எண்டு நினைப்பார். பொதுவாச் சொன்னன். "ஆள் நேர்மை. ஒரு பக்கம் சாயமாட்டார். ஆனால் முதல் பத்து நிமிசம் விசில் ஊதமாட்டார், வந்த உடன ஊதினால் மரியாதையில்லை எண்டு நினைக்கிறவர். ஆராவது வந்து ‘சேர்’ எண்டு மரியாதையாக் கூப்பிட்டால் இளகிப் போவார். இடது முழங்கால் சரியில்லை, கலியாண வீட்டில ஆடி நொந்தது. அதால இடப்பக்கம் திரும்ப நேரம் எடுக்கும், மூலையில இருந்து கோர்ணர் அடிக்கேக்க பிழையான இடத்தில நிப்பார். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்திட்டன், கேக்கமாட்டார்."

நோர்மன் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

"குறுக்கெழுத்து கஷ்டமோ?" எண்டு கேட்டன்.

"இப்ப கொஞ்சம் லேசாப் போகுது" எண்டார்.

நீங்கள் ஏன் பிள்ளை சிரிக்கிறியள்? பொறுங்கோ.

மாட்ச் ஒண்டுக்கு ஒண்டு. முடிய இன்னும் ரெண்டு நிமிசம். வெளியூரில இருந்து விளையாட வந்த அணிப் பெடியன் ஒருத்தன் பந்தோட கோல் வாசலுக்குள்ள போறான், மார்ஸ்வெல் கோலி காலை வாரி விழுத்தீட்டான். மருமகன் விசில். பெனால்ரி. அந்த ஊர்ச் சனம் முழுக்கக் கொதிச்சுப் போச்சு. சரியான தீர்ப்புத்தான், எனக்கு முன்னாலதானே நடந்தது. ஆனால் அவையின்ர மனேச்சர், ஆறரை அடி ஆள், இறைச்சிக்கடை வைச்சிருக்கிறவராம், உள்ளுக்க ஓடி வந்து, கம்பியோரமா மறிச்சு, மருமகனின்ர முகத்துக்கு நேர நிண்டு விரலை ஆட்டி ஆட்டிக் கத்துறார். மருமகன் அவரின்ர நெஞ்சளவுதான் வருவார். பின்னால ஒரு அடி வைச்சார். நான் கண்டன் பிள்ளை, ஒரு அடி பின்னால வைச்சார்.

நான் உள்ளுக்க போகேல்லை. எல்லாரும் நான் மைதானத்துக்குள்ள போனன் எண்டு சொல்லுவினம், பொய். கூரைக்குக் கீழ இருந்து ஓடிப் போய், கம்பிக்கு இங்கால நிண்டுதான் குடையை நீட்டினன். கால் ரெண்டும் வெளியில. இடுப்புக்கு மேல கொஞ்சம் உள்ளுக்க இருந்திருக்கும். குடையின்ர நுனி அந்தாளின்ர தொப்பியில பட்டது, தொப்பி சேத்துக்க விழுந்தது. அவ்வளவுதான். "என்ர மருமகனில கை வைச்சால் தெரியும்!" எண்டு சொன்னன். அது இங்கிலிசில சொன்னனான்.

அந்தாள் சேத்துக்க குனிஞ்சு தொப்பியை எடுத்தார்.

மருமகன் என்னைப் பார்த்தார். அந்தாளைப் பார்த்தார். பொக்கற்றுக்க கையை விட்டு சிவப்பு மட்டையை எடுத்து, மனேச்சருக்கு நேர தூக்கினார். நான் கை தட்டினன். பிறகு, பிள்ளை, அந்த மட்டையை இறக்காமல் அப்பிடியே நடந்து கம்பிக்குக் கிட்ட வந்தார். எனக்கு நேர காட்டினார்! மற்றக் கையால கேற்றைக் காட்டினார்.

"மாமி, வெளிய போங்கோ."

"ஆர், நானோ?"

"நீங்கள்தான். வெளிய போய் கேற்றுக்கு அங்கால நிண்டால்தான் நான் மாட்சைத் தொடங்குவன்."

"தம்பி, மழை..."

"குடை இருக்குத்தானே. போங்கோ."

குரல் ஏத்தேல்லை. கண் வெட்டேல்லை. மூண்டு வருசமாப் புட்டோ இடியப்பமோ எண்டு தெரியாத மனிசன். அறுபது பேர் பார்க்க நான் கதிரையை மடிச்சு, பிளாஸ்கை எடுத்து, சேத்துக்க நடந்து கேற்றைத் தாண்டிப் போனன். சனம் கை தட்டினது. எனக்கோ அவருக்கோ தெரியாது. இறைச்சிக்கடை மனேச்சரையும் வெளிய விட்டிருந்தினம், ரெண்டு பேரும் வேலிக்கு வெளிய ஒரே குடைக்குக் கீழ நிண்டு பெனால்ரியைப் பார்த்தம். கோல். மனிசன் தலையில கை வைச்சார். ஒரு வடை குடுத்தன், சாப்பிட்டார்.

அண்டைக்கு நான் வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. அடுத்தநாளும் கதைக்கேல்லை. மகள் எனக்குத்தான் பேச்சு. "அவரின்ர எதிர்காலத்தை நாசமாக்கிப் போட்டியள் அம்மா" எண்டு அழுதாள். அப்பதான் எனக்குப் புள்ளி போடுற விசயமே தெரியும். அப்பதான் நோர்மன் ஆரெண்டும் விளங்கினது. உண்மையாப் பிள்ளை, எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. பதினொரு நாள் தபால்காரன் வர முன்னம் நான் வாசலில நிண்டனான். நல்லதோ கெட்டதோ, முதல்ல நான் பார்த்திடவேணும் எண்டு.

கடிதம் தபாலில வரேல்லை. அதெல்லாம் இப்ப மெயிலிலயாம். ஒரு பின்னேரம் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டு அப்பிடியே கதிரையில இருந்திட்டார். மகள் பறிச்சு வாசிச்சாள். மேல் லீக்குக்கு ஏத்தியாச்சு! ‘நெருக்கடியில் உறுதியான முடிவு. பார்வையாளர் ஒருவரைக் கையாண்ட விதம் இந்தப் பருவத்தில் நான் கண்டதில் மிகச் சிறந்தது’ எண்டு எழுதியிருந்தாராம் நோர்மன். அந்தப் பார்வையாளர் ஆர்? நான்தானே. நான் இல்லாட்டி அந்தப் புள்ளி எங்கயிருந்து வாறது?

மகள் மிச்சத்தையும் வாசிச்சாள். திருத்தவேண்டியவை. ‘முதல் பத்து நிமிடங்களில் மரியாதைக்காக விசில் ஊதத் தயங்குகிறார். சேர் என்று அழைப்பவர்களிடம் இளகுகிறார். இடது முழங்காலைக் கவனிக்க வேண்டும். கலியாண வீடுகளில் ஆடுவதைக் குறைக்கலாம்.’

மகள் வாசிக்கிறதை நிப்பாட்டினாள்.

"மாமி" எண்டார் மருமகன். "அண்டைக்குக் கூரைக்குக் கீழ ஆரோட இருந்தனீங்கள்?"

"நான் சொன்னதில ஏதாவது பொய்யோ?"

"இல்லை" எண்டார். பிறகு சொன்னார், "ஆனால் மாமி, இனி நான் ஊதுற ஒரு மாட்சுக்கும் நீங்கள் வரக்கூடாது."

"ஒண்டுக்குமோ?"

"ஒண்டுக்கும்."

என்ர விருப்பத்தைக் கேக்கேல்லை பார்த்தியளோ.

ரெண்டு சனி வீட்டில இருந்தன். மகள் ரீவியில பெரிய பந்தடி போட்டு விட்டாள். அது என்ன பந்தடி? அம்பதாயிரம் பேர், நான் கத்தினால் ஆருக்குக் கேக்கும்? மருமகன் வந்து பார்ப்பார், நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருப்பன். பிறகு போய்க் குளிப்பார்.

மூண்டாவது சனி வெளிக்கிடேக்க மேசையில ஒரு துண்டு வைச்சிட்டுப் போனார். அவரின்ர கையெழுத்து. ஒரு மைதானத்தின்ர பேர், எத்தினையாம் நம்பர் பஸ், எங்க இறங்கிறது, எத்தினை மணிக்குத் தொடக்கம். அவர் ஊதுற மாட்ச் இல்லை. வேற ஆரோ ஊதுறது. கீழ எழுதியிருந்தார்: ‘கோர்ணர் அடிக்கேக்க அந்த ரெஃபரி எங்க நிக்கிறார் எண்டு பார்த்து வந்து சொல்லுங்கோ மாமி.’

நான் போனன். பார்த்தன். வந்து சொன்னன். இடியப்பம் ஆறிப்போகுமட்டும் ரெண்டு பேரும் கோப்பையளை வைச்சு, இது கோல், இது கோலி, இது ரெஃபரி எண்டு விவாதம். "அவர் நிண்டதுதான் சரி மாமி" எண்டு என்னோட சண்டை பிடிக்கிறார்! மகள் காதைப் பொத்திக்கொண்டு மேல போயிட்டாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனியும் துண்டு வரும். இந்தா, இண்டையான் துண்டு. வாசியுங்கோ. சட்டர்ஸ்பி. மூண்டு பஸ் மாறவேணும்.

இப்ப சொல்லுங்கோ, என்ர மருமகன் எனக்குச் சிவப்பு மட்டை காட்டினது சரியோ?

என்ன, அவர் இண்டைக்கு எங்க ஊதுறாரோ? அவர் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதான், கோப்லி ஹீத்தில. ஒரே பஸ், கோயிலடியைத் தாண்டினால் வந்திடும். எனக்குத்தான் தூரம். முதல் துண்டு ஒரு பஸ். பிறகு ரெண்டு. இண்டைக்கு மூண்டு. அடுத்த கிழமை எங்கயோ கடற்கரைப் பக்கமாம், ரெயில் டிக்கட்டும் தானே எடுத்துத் தந்திட்டார். அவ்வளவு தூரத்துக்கு ஒரு ஆளை அனுப்புறதெண்டால் சும்மா ஆக்களை அனுப்புவினமோ பிள்ளை? அவ்வளவுக்கு என்னை நம்புறார்.